தூதாயீம்

ஞாயிறு வாசிப்பு எனக்கென்று
புதன்கிழமையே குறுஞ்செய்தி வந்துவிட்டது.
இரண்டு சகோதரிகள், ஒரே கணவன்,
மூத்தவளின் மகன்
அறுவடை வயலில் கண்டெடுத்த பழங்கள்.
யாரிடம் வாசிக்கக் கொடுக்கிறோம் என்று
சபைச் செயலாளர் யோசித்திருக்க மாட்டார்.
பட்டியலில் அடுத்த பெயர் சுகிர்தம். அவ்வளவுதான்.

சமையலறையில் நின்று உரக்கப் படித்துப் பார்த்தேன்.
"தூதாயீம்னா என்ன பழம்மா?" என்றான் ஈத்தன்.
தெரியவில்லை.
பிள்ளையில்லாதவள் தின்றால் பெறுவாள் என்று
அந்தக் காலத்தில் நம்பினார்களாம்.
"டுரியான் மாதிரியா?"
சிரித்துவிட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
பதினொரு வருடம் முன்பு
தோபாயோ வீட்டில் நால்வர் வந்து உட்கார்ந்து
பார்த்தது என்னை.
மைலோ தட்டோடு வந்தவள் ஹெப்சிபா.
மழையில் அன்று அவளுடைய வலைப்பந்துப் பயிற்சி
ரத்தாகாவிட்டால் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டாள்.
வேதத்து அப்பன் இருட்டில் ஆளை மாற்றிவிட்டான்.
எங்கள் அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.
நல்ல வெளிச்சத்தில், மின்விசிறிக்குக் கீழே,
"பெரியவளுக்கும் கர்த்தர் ஒருத்தரை வச்சிருப்பார்" என்றார்.

வைத்திருந்தார்.
ஜூரோங் தீவில் இரவு ஷிஃப்ட்.
நல்ல மனிதர். காலையில் வந்து தூங்குவார்.
இரண்டு பிள்ளைகள்.
சின்னவள் பிறந்தபோது
ஹெப்சி ஆஸ்பத்திரிக்கு வந்தாள், தூக்கவில்லை.
ஜலதோஷம் என்றாள்.

இப்போது அவளுடைய ஊசி மருந்துகள்
என் குளிர்பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில்.
மாமியார் கண்ணில் படக்கூடாதாம்.
இரவு ஒன்பதுக்கு ஈசூன் வருவாள்.
கீழே புளோக் வாசலில்
அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
அவர் காத்திருப்பார்.
பத்தாம் மாடியிலிருந்து பார்த்தால்
அந்தப் பை மட்டும் தெரியும். சிவப்பு.
எத்தனை இரவு என்று
எண்ணியதில்லை என்றால் பொய்.

வெள்ளிக்கிழமை ஈத்தன்
திடலோரத்து மரத்திலிருந்து
ஒரு பை ரம்புத்தான் கொண்டுவந்தான்.
எறும்புகளும் கூடவே.
ஊசி எடுக்க வந்தவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.
"அக்கா, எனக்குக் கொஞ்சம் தாயேன்."

அவ்வளவுதான் கேட்டாள்.
மூவாயிரம் வருடமாக
யாரோ ஒருத்தி வாயிலிருந்து இன்னொருத்தி வாய்க்குக்
கைமாறி வந்த கோபம்
என் பல்லுக்குப் பின்னால்தான் நின்றிருந்தது போல:
"அவர் போனது பத்தாதா?
என் பிள்ளை பறிச்சிட்டு வந்ததும் உனக்கேவா?"

குளிர்பெட்டி திறந்தே கிடந்தது.
டிங், டிங் என்று அடித்தது.
யாரும் மூடவில்லை.

அவள் அழவில்லை.
அழுதிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.
"அவரையா? எடுத்துக்கோக்கா.
லிஃப்ட் கதவு திறந்ததும் பையைக் கொடுத்திடுவார்.
இந்த மாசம் எவ்வளவு ஆச்சுன்னு கேப்பார்.
அப்புறம் வீடு போற வரைக்கும் பேச்சில்ல."

ஈத்தன் ஒரு பழத்தைக் கடித்துப் பிளந்து
சித்தி கையில் வைத்தான்.
வாங்கினாள். தின்னவில்லை.

ஒன்பதரை ஆகிவிட்டது.
கை நடுங்குது, நீயே போடு என்றாள்.
சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
பழைய ஊசிகளின் நீலம், அதன்மேல் மஞ்சள்.
ஆறு மாதமாக இதே சமையலறையில்
முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவியிருக்கிறேன்.
தோலைக் கிள்ளிப் பிடித்தேன்.
இன்னும் மெதுவாகக் குத்தியிருக்கலாம்.

ஞாயிறு வாசித்தேன்.
எங்கும் இடறவில்லை என்றார்கள்.
நாலாம் வரிசையில் இருவரும். நடுவில் அந்தப் பை.

பழத்துக்கு விலையாக
ஓர் இரவு கைமாறியதைச் சொல்லுகிற வேதம்
அதைத் தின்றது யார் என்று சொல்லவில்லை.
இளையவளா, இருவருமா,
பாத்திரத்தில் கிடந்தே அழுகிற்றா.

எங்கள் கிண்ணத்தில் ஏழு மிச்சம்.
முடியெல்லாம் கறுத்துவிட்டது.
நான் இன்னும் எறியவில்லை.