வானம் பார்த்த பிள்ளை

நார்விக் பேருந்துப் பணிமனை. இரவு இரண்டரை.
எஞ்சின் அணைத்த வண்டியில், ஓட்டுநர் இருக்கையில்,
கம்பளிக்குள் கிஃப்லோம்.
காதில் தொலைபேசி.
அந்தப் பக்கம் ஹாமர்ஃபெஸ்ட், பிரசவ அறை.
மொழிபெயர்க்கும் பெண்கள் யாரும்
அந்நேரம் விழித்திருக்கவில்லை.

விதி எளிது:
அவள் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்.
கூட்டாதே. குறைக்காதே.

ஆகவே நாற்பத்தாறு வயதில்
நரைத்த மீசைக்குக் கீழிருந்து
நார்வே மொழியில் சொல்கிறான்:
"என் பனிக்குடம் உடைந்து ஆறு மணி நேரமாகிறது.
தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.
முதுகு பிளக்கிறது எனக்கு."

காலி இருக்கைகள் நாற்பதும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இந்த நாட்டில் மருத்துவச்சிக்கு மண்தாய் என்று பேர்.
கருப்பைக்கு உயிர்த்தாய்.
நஞ்சுக்கொடிக்குத் தாயப்பம்.
பயிற்சி வகுப்பில் எழுதிய தாள்,
எதிர் வரிசையில் திக்ரின்யா,
வெயில்மறைப்பில் செருகியிருக்கிறது.
வெயில் வர இன்னும் எட்டு நாள்.

"கருப்பை வாய் எட்டு சென்டிமீட்டர்" என்கிறாள்
மண்தாய் டூரிட்.
"எட்டு என்றால் எவ்வளவு?" லெத்தெப்ரஹான்.
"இவ்வளவு" என்று எதையோ காட்டுகிறாள் டூரிட்.
தொலைபேசியில் 'இவ்வளவு' வராது.
கிஃப்லோம் தன் விரல்களை
ஸ்டியரிங் மேல் விரித்துப் பார்க்கிறான்.

புதிதாக ஒரு குரல், டாக்டர், அவசரம்:
"முன்னேற்றம் இல்லை."
முகாமில் அவனுடைய கோப்பிலும்
மூன்று வருடம் அதுதான் எழுதியிருந்தது.
சொன்னான். கூட்டாமல் குறைக்காமல்.
"நானா நின்றுவிட்டேன்?" என்றாள் அவள்.
"நானா நின்றுவிட்டேன்?" என்றான் அவன்.
"நீ இல்லை. வலிதான் சற்று இளைப்பாறுகிறது" என்றாள் டூரிட்.

பிறகு சிரித்தபடி ஒரு சொல் சொன்னாள்.
தாளில் இல்லாத சொல்.
கேட்க நேரமில்லை; அடுத்த வலி ஏறிக்கொண்டிருந்தது.
அப்படியே மாற்றிக் கொடுத்தான்:
"உங்கள் பிள்ளை
நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறது."

அறை அடங்கியது.

"எப்போது போனது?" என்றாள் லெத்தெப்ரஹான்.
"இவ்வளவு நேரம் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அப்போது மீறினான்.
"நான்" என்றான். அவளுடைய நான் அல்ல.
"நான் கிஃப்லோம், பஸ் ஓட்டுகிறவன். பொறு தாயே,
தவறு என்னுடையது."
டூரிட்டிடம் கத்தினான்: என்ன சொல் அது?

தலை கீழேதான் இருக்கிறதாம்.
முகம் மட்டும் முதுகைப் பார்க்காமல் வயிற்றைப் பார்க்கிறதாம்.
அண்ணாந்து வருகிற பிள்ளைக்கு
இங்கே அப்படிச் செல்லப்பேர்.
அதனால்தான் முதுகில் இத்தனை வலி.

"அந்த டக்டக் கேட்கிறதா? அது அதன் இதயம்.
எனக்கும் கேட்கிறது" என்றான்.
கடைசி வாக்கியம் கூட்டல்.

அவள் அவனைத் திட்டினாள்.
அவன் தகப்பனை, தகப்பனின் கழுதையை,
அவனுக்குச் சோறு போடும் தொலைபேசியை.
"என்ன சொல்கிறாள்?" டூரிட்.
"நிம்மதியாம்" என்றான்.
அது குறைத்தல்.

முக்கு. நிறுத்து. ஊது. இப்போது முக்கு!
கண்ணாடி முழுக்க ஆவி.
இரவுக் காவலாளி வந்து
கதவைத் தட்டிவிட்டுப் போனான்.

அழுகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஆப்கார் ஒன்பது."
"பத்துக்கா? ஒன்று எங்கே போனது?"
"கைகால் கொஞ்சம் நீலம். கொஞ்ச நேரத்தில் சிவந்துவிடும்."
தாயப்பமும் முழுதாக வந்தது.
அதைச் சரியாகச் சொன்னான்.

பிறகு இணைப்பு போனது. யாரோ பொத்தானை அழுத்தியிருப்பார்கள்.
ஆணா பெண்ணா, ஒருவரும் சொல்லவில்லை.
நேரம்: இரண்டு மணி பதினான்கு நிமிடம்.
சிறப்புக் குறிப்பு: ஒன்றுமில்லை.

ஐந்தரைக்கு முதல் நடை.
அதற்கு முன் தாளை உருவி
கடைசியில் அந்தச் சொல்லைப் பென்சிலால் எழுதினான்.
எதிர் வரிசையில் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு:
அண்ணாந்து வருவது.
உயிரோடு.