தலைவலி மாத்திரை

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மெடிக்கலில் பில் போடுகிறேன், ஒன்பது வருஷமாக.
இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு
எவ்வளவு தலை வலிக்கிறது என்று
எனக்குத்தான் தெரியும்.

வருவான். கூட்டம் கலையும்வரை
எடை மெஷினில் ஏறி இறங்குவான்.
அண்ணன் இல்லையா என்பான்.
சாப்பிடப் போயிருக்கார், என்ன வேணும் என்றால்
தலைவலி மாத்திரை.
ஒன்று.
சில்லறையை வைத்துவிட்டு
கேட்க வந்ததைக் கேட்காமலே
சைக்கிளை எடுப்பான்.

பெண்பிள்ளைகள் வேறு மாதிரி.
நாப்கின் என்று சொல்ல மாட்டார்கள்,
அலமாரியைப் பார்ப்பார்கள்.
நானும் பேசாமல் எடுத்து
நியூஸ்பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போடுவேன்.
திருட்டுச் சாமான் மாதிரி வாங்கிப் போவார்கள்.
அப்படிச் சுற்று என்று முதலாளி சொன்னதில்லை.
கை தானாகச் சுற்றும்.

எங்கள் பெயர்ப் பலகைக்குக் கீழேயே ஒரு போஸ்டர்:
வாலிப வயோதிக அன்பர்களே.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு,
காரைக்குடி லாட்ஜ், அறை எண் பதினொன்று.
கிழித்தால் மறுநாள் காலை மறுபடி இருக்கும்.
இவ்வளவு தவறாமல் வகுப்புக்கு வரும் வாத்தியார்
இந்தத் தாலுகாவில் வேறு இல்லை.

சேவுகமூர்த்தி அங்கேதான் போனான். பிளஸ் டூ.
தூக்கத்தில் தானாக நடப்பதை
நோய் என்று நம்பியிருந்தான்.
அவன் அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் காயவைக்கிறவர்.
டியூஷனுக்கு அவர் கொடுத்த நாலாயிரத்துக்கு
ஒரு டப்பா லேகியம்,
கூடவே ஒரு எச்சரிக்கை:
மருந்தை விட்டால் வம்சம் இருக்காது.
டப்பாவை என் முன்னால் வைத்து
எத்தனை நாள் சாப்பிடணும் அக்கா என்றான்.
திறந்து முகர்ந்தேன். வெல்லம், சுக்கு.
உனக்கு ஒன்றுமில்லை தம்பி,
எல்லாப் பையனுக்கும் வருவதுதான்.
சொல்லி முடிக்கப் பத்து வினாடி ஆகவில்லை.
அவன் அழுதான்.
அதற்குள் ஒருவர் பி.பி. மாத்திரைக்கு வந்துவிட்டார்.

பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன்.
கழிப்பறைத் தண்ணீர், கணக்கு வாத்தியார் இடமாற்றம்
எல்லாம் பேசி முடித்து
வேறு ஏதாவது என்றபோது எழுந்தேன்.
உடம்பைப் பற்றி,
தொடக்கூடாத கை தொட்டால் யாரிடம் சொல்வது,
வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று,
வாரம் ஒரு பீரியடு.
மின்விசிறிச் சத்தம்.
சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போயிடாதா என்றார் ஒருவர்.
கல்யாணச் சாமான் பட்டியலில்
கரண்டிக் கணக்கு வரைக்கும் எழுதி
இரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்குகிற ஊர்.
இதை மட்டும்
வாய்வார்த்தையாகக்கூட ஒப்படைக்க ஆளில்லை.
தலைமையாசிரியர் சிரித்தார்:
பாடம் இருக்கும்மா.
வீட்டில் படிச்சுக்கச் சொல்லிட்டோம்.

வீடு.
ராத்திரி தர்ஷிகாவின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன்.
அந்தப் பாடத்தின் ஓரத்தில் நான்கு ஸ்டேப்ளர் பின்.
யார் அடிச்சது?
கிளாஸ்ல எல்லாரும்தான். டீச்சர் ஸ்டேப்ளரைச் சுத்தி விட்டாங்க.
நீ பிரிச்சியா?
பதில் இல்லை.
ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில்
இன்னொரு ஜோடித் துளை இருந்தது.
பிரித்துப் படித்துவிட்டு
மறுபடி அடித்திருக்கிறாள்,
நான் பார்த்துவிடக் கூடாதென்று.

நகத்தால் நெம்பினேன்.
ஒரு பின் விரலில் ஏறியது.
எது புரியல என்றேன்.
அடுப்பில் வைத்த பால் பொங்கி, இறக்கி, ஆறி,
அப்புறம்தான் படத்தில் ஒரு கோட்டைத் தொட்டாள்.
மாத்திரைப் பெயர் ஆயிரம் தெரிந்த எனக்கு
அதன் பெயர் தெரியவில்லை.
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
அண்டநாளம்.

இவளுக்குப் பின் இன்னொன்றும் பிறந்த மறுநாள்
காரைக்குடி ஆஸ்பத்திரியில்
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
எனக்குக் கட்டிவிட்டது
இதைத்தானா?