விசிறிகள் நின்றிருந்த இரவுகள்

முதலில் தூசி என்றுதான் நினைத்தேன்.
ஊதினேன், போகவில்லை.
ஈர விரலால் தொட்டேன், போகவில்லை.
ஆறாவது மேசை, வெள்ளை ஆர்க்கிட்,
தண்டின் நுனியிலிருந்து மூன்றாவது பூ.
இதழின் நடுவில் கடுகில் பாதி அளவுக்குப் பழுப்பு.
குனிந்து பார்த்தால் அதைச் சுற்றி
இளஞ்சிவப்பில் ஒரு வளையம்,
கொசு கடித்த இடம்போல.

மதியத்துக்குள் நாற்பது தொட்டி.
மறுநாள் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

லேண்டர்ட் முதலில் பூச்சியைச் சந்தேகித்தார்.
வெள்ளைத் தாளை நீட்டி அதன்மேல் பூவைத் தட்டினார்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
தாளில் எதுவும் நகரவில்லை.
பிறகு தண்ணீரைச் சந்தேகித்தார்,
பிறகு லாரிக்காரனை,
பிறகு கொஞ்ச நேரம் என் கைகளை.
"நேற்று என்ன க்ரீம் பூசினாய், டனூட்டா?"
வெடித்துக் கிடந்த விரல்களை விரித்துக் காட்டினேன்.

வியாழக்கிழமை ஆலோசகர் மிர்யம் வந்தாள்.
மூன்று பூக்களைக் கிள்ளி
நனைத்த டிஷ்யூ விரித்த டப்பாவில் வைத்து மூடி
"நாளைக் காலைவரை திறக்காதே" என்றாள்.
அது என் சாப்பாட்டு டப்பா.

காலையில்
புள்ளிகளுக்கு மயிர் முளைத்திருந்தது.
சாம்பல் நிறம்.
பூனைக்குட்டியின் காதுக்குள் இருக்குமே, அந்த மென்மை.
என் மூச்சு பட்டதும் புகைபோல எழுந்தது.
"மூடு, மூடு" என்று கத்தினாள் பின்னால் நின்ற மிர்யம்.

போட்ரைடிஸ். சாம்பல் பூஞ்சை.
ஸ்ட்ராபெரியை ஒரே இரவில் தின்னுமே, அதே சனியன்.
குளிர்ந்த இரவும் அசையாத காற்றும்
இதழில் சில மணி நேரம் ஈரமும் இருந்தால் போதும் அதற்கு.
"இரவில் எத்தனை டிகிரி வைக்கிறீர்கள்?"
"பத்தொன்பது" என்றார் லேண்டர்ட்.
"விசிறிகள்?"
"ஓடுகின்றன."

நான் தரையைப் பார்த்தேன்.

கண்ணாடிச் சுவரிலிருந்து ஒன்பது அடியில் என் கேரவன்.
இரண்டு வருடம் அந்த விசிறிகளின் இரைச்சலில்
தலையணையைக் காதோடு அழுத்திக் கிடந்தவள் நான்.
பஞ்சு, மெழுகு, வோட்கா, ஜெபம்
எதற்கும் அது அடங்கவில்லை.
அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி
அடித்துப் போட்டாற்போல் தூக்கம்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
ஐம்பத்தோரு வயதில் உடம்பு ஒருவழியாகப் பழகிவிட்டது என்று
வூச் நகரத்துத் தங்கையிடம் போனில் பெருமையடித்தேன்.

"மூன்று வாரமாக நான் நன்றாகத் தூங்குகிறேன்" என்றேன்.

வேறு எதுவும் சொல்லவில்லை.
மிர்யம் எழுதுவதை நிறுத்தினாள்.
லேண்டர்ட்டின் காதுமடல்கள் சிவந்தன.
மேசை இழுப்பறையைத் திறந்து
எரிவாயு பில்லை எடுத்து
எக்ஸ்ரே காட்டுவதுபோல் விளக்குக்கு நேரே பிடித்தார்.
அவள் படித்தாள். கடைசி வரியை இரண்டுமுறை.
பிறகு மடித்து அவரிடமே கொடுத்தாள்.

வந்த புள்ளிக்கு மருந்தில்லை.
இனி பூப்பதைத்தான் காப்பாற்ற முடியும்.
மூன்று நாள் கத்தரித்தோம்.
உலுக்காமல், ஒவ்வொன்றாக,
உறங்கும் பிள்ளையின் சட்டையைக் கழற்றுவதுபோல.
பையில் போட்டு வாயைக் கட்டி, வெளியே.
தண்ணீர் காலையில் மட்டும்.
தொட்டிக்குத் தொட்டி ஒரு சாண் இடைவெளி.
குழாய்களில் வெந்நீர் ஏறியது.
ஏழாயிரத்துச் சொச்சம் பூக்கள், குப்பைக்கு.
லேண்டர்ட் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை;
எனக்கு ஒரு புதுச் சாப்பாட்டு டப்பா வாங்கி வந்தார்,
மூடியில் விலைச்சீட்டோடு.

புள்ளி விழுந்த ஒரு கிளையை
யாருக்கும் தெரியாமல் கேரவன் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
ஹீட்டர் அருகே, காய்ந்த காற்றில்,
அவை பெரிதாகவும் இல்லை, மறையவும் இல்லை.

நேற்று இரவு இரண்டு மணி.
விசிறிகள் ரயில்போல ஓடிக்கொண்டிருந்தன.
எழுந்து, டார்ச்சோடு உள்ளே போய்
ஆறாவது மேசையில் புதிதாய் விரிந்த ஒன்றைப்
புறங்கையால் தொட்டேன்.
உலர்ந்திருந்தது.

திரும்பி வந்து
இரண்டு காதிலும் மெழுகை அடைத்துக்கொண்டு
விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.