பிப்ரவரித் தேனீ

ஹீயுமா தீவில் குளிர்காலத்துப் படகு
வந்தால் வரும்.
நேற்றிரவு முதல் காற்று. துறையில் சிவப்பு விளக்கு.
காலை ஏழு மணிக்கு மாரெட்
சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்:
ஈரத் தம்ளர்களை வைத்து எடுத்த மேசைபோல
முன்கையெல்லாம் வளையம் வளையமாய்ச் செந்தடம்.

அரிக்குதா?
இல்லப்பா.

மற்ற வீடுகளில் இந்த ‘இல்லை’க்குப் பெருமூச்சு விடுவார்கள்.
நான் ஃபிரிட்ஜைத் திறக்கிறேன்.

என் அப்பா வலை இழுத்துவிட்டு வந்த இரவில்
குரல் கம்மி, நாக்கு தடித்து
விடிவதற்குள் போனார்.
தேனீ கொட்டியது என்று தாளில் எழுதினார்கள்.
அது பிப்ரவரி. கடலே உறைந்து கிடந்தது.
எந்தத் தேனீ என்று கேட்க
அம்மாவுக்கு அன்று வாய் வரவில்லை.

எனக்குப் பதினொரு வயதில் வயிற்றில் வந்தது.
குடல்வால் என்று அறுத்தார்கள்.
நல்ல குடல்வால்.
தழும்பு மட்டும் வலப்பக்கம்
இன்னும் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

நோயின் பெயர் தெரியும்போது எனக்கு முப்பத்துநான்கு.
ரத்தத்தில் ஒரு புரதம் குறைவு, அவ்வளவுதான்.
பிள்ளைக்கு இறங்குவது
பூவா தலையா போல என்றார் டாக்டர்.
நான் சுண்டவில்லை.
ஆனாலும் விழுந்தது.

பொடியில் நீரை விட்டுக் குப்பியை உருட்டுகிறேன்.
குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும்.
அவசரத்தைக் கைகளுக்குச் சொல்லாமலிருக்க
ஒரு வருடம் பழக வேண்டியிருந்தது.

பள்ளியில் ஹில்லே டீச்சரின் மேசையறையில்
என் கையெழுத்தில் ஒரு அட்டை:
ஒவ்வாமை ஊசிக்கு இது அடங்காது.
வயிறு வலிக்கிறது என்றால் நடிப்பென்று நினைக்காதீர்கள்.
குரல் மாறினால், மருந்து போட்டிருந்தாலும், ஹெலிகாப்டர்.
என்னைப் பிறகு கூப்பிடுங்கள்.

கடைசி வரியை மூன்று முறை அடித்து எழுதினேன்.

மாரெட் நீலப் பேனாவை எடுக்கிறாள்.
உப்பத் தொடங்கிய இடது புறங்கையில்
வீக்கத்தின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு.
“இதுதான் கரை. தாண்டினா சொல்றேன்.”

வலது கையில் மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது.
அவள் அழவில்லை. என்னைத் திட்டினாள்,
நான் கற்றுக்கொடுக்காத ஒரு சொல்லால்.

ஒன்பது மணி. கரைக்குள்ளேயே நிற்கிறது.
பத்தரை. கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

இடது கைக்கு என் கையுறையைக் கேட்கிறாள்,
பனியில் இறங்க வேண்டுமாம்.
கேட்டுக்கொண்டே
ஆடும் பால்பல்லை நாக்கால் முன்னும் பின்னும் தள்ளுகிறாள்.

துறையில் இன்னும் சிவப்பு.
தானாக விழு, பல்லே.