வெற்று எடை

கத்திரி வெயிலுக்கு முன்னால் வந்து
இங்கே புயல் மாதம் பிறக்கும் முன் போய்விடுவது.
அதுவரை சண்டை இல்லை.
பாதி வருஷம் தூத்துக்குடி, பாதி வருஷம் மொரீசியஸ் என்றால்
கேட்கிறவர்கள் எங்களைப் பணக்காரர்கள் என்கிறார்கள்.
துறைமுகத்து எடைமேடையில்
முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர் ஞானமுத்து.
நான் டெலிபோன் இலாகா.
ஒரு மனையை விற்றோம், அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு நோட்டால் வந்த வினை.
கப்பல்காரன் எவனோ கொடுத்துப் போன ஐம்பது ரூபாய்,
அதில் தமிழில் எழுதியிருந்தது.
பிளாஸ்டிக் உறை போட்டுப் பீரோவில் வைத்திருந்தார்.
நோட்டை நம்பி வந்து இறங்கினால்
கண்டக்டருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.
சில்லறை மட்டும் சரியாகக் கொடுத்தார்.

பதினோரு நாள், நாலு ஊர்.

க்யூர்பிப்பில் மூன்று நாளாகியும்
என் உள்பாவாடை காயவில்லை.
ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் பால்கனிக்குக் கீழேயே கடல்,
வாடகையை யூரோவில் சொன்னார்கள்.
பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தம்பதி
நாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார்கள்.
கத்ர் போர்னில் சந்தை, பஸ், கோயில், சர்ச், எல்லாம் உண்டு.
“யோசிப்போம்” என்றார்.
அவர் யோசிப்போம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

மாயேபூரில் வாசலில் நின்றதும்
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
அதை நான் பார்த்தேன்.

ராத்திரி அவர் தூங்கியபின் நோட்டைப் பிரித்தேன்.
வாடகை, தண்ணீர், படிக்கட்டு, மீன் விலை,
கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு இல்லை.
எழுபது. அறுபத்தைந்து. ஐம்பது. பதினாலு.
விமான நிலையத்துக்கு எத்தனை நிமிஷம் என்று
புரிய எனக்கு நேரமாகவில்லை,
என் கைப்பையில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
அதே ஊர்களுக்கு வேறு எண்கள் கிடந்தன:
பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம்.
லாரியின் வெற்று எடையைக் கழித்தால்தான்
சரக்கு எவ்வளவு என்று தெரியும் என்பார்.
கடலையும் மீனையும் கழித்துவிட்டுப் பார்த்தால்
இரண்டு பேரும் இதைத்தான் சுமந்து அலைந்திருக்கிறோம்.
டிக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வீட்டுக்காரர் திரு. சூபேன்
பூட்டு, குழாய், சிலிண்டர் எல்லாம் காட்டினார்.
நாங்கள் இல்லாத மாதங்களில்
ஃப்ரிட்ஜைத் திறந்தே வைக்கச் சொன்னார்.
பிறகு ஒரு படிவம்.
அவசரமென்றால் யாரைக் கூப்பிட?
அவர் தாளில் என் எண்ணை எழுதியிருந்தார்.
என் தாளில் நான் அவருடையதை.
சூபேன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
உடைந்த ஆங்கிலத்தில், மெதுவாக,
மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும் என்றார்.
இந்தத் தீவில்.

எங்களுக்குத் தெரிந்தவர் யார் இருக்கிறார்?
கண்டக்டர். நாய்க்காரர்கள்.
அவசரமில்லை, நாளைக்குக் கொடுங்கள் என்று
தொண்டையைச் செருமிக்கொண்டே எழுந்து போனார் சூபேன்.

மறுநாள் திங்கட்கிழமைச் சந்தை.
கை காட்டி “சௌசௌ” என்றேன்.
“சுசு” என்று சிரித்தாள் காய்க்காரி.
தீவுக்கு வந்தபின்
நான் சொல்லி ஒருவருக்குப் புரிந்த முதல் வார்த்தை.
ஒரு கிலோ நிறுத்தாள்.
பழக்கதோஷம், அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“அறுபது கிராம் கூடுதல்” என்று என் காதில் சொன்னார்.
அவள் எடுக்கவில்லை,
மேலே ஒரு கொத்து மல்லியும் வைத்தாள்.

பேரைக் கேட்கவா என்றேன்.
ஒரு கிலோ காய்க்கு
அவ்வளவு பெரிய பாரத்தையா ஏற்றுவது என்றார்.
ஆனாலும் நகராமல் நின்றார்,
சட்டைப்பையில் பேனாவைத் தடவியபடி,
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.