உரைக்குப் பின் வாஃபிள்

மாதத்தின் முதல் செவ்வாய், மாலை ஏழு.
உறுப்பினருக்கு இலவசம்,
மற்றவர்க்கு ஐம்பது குரோனர்.
மற்றவர் என்று யாரும் வருவதில்லை.

நாற்பது நாற்காலி விரிப்பது என் வேலை.
திமிங்கிலத் தாடைக்கும்
உடைந்த சுக்கானுக்கும் நடுவே
ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு.
முன்வரிசையில் எவரும் உட்காரமாட்டார்கள்,
அதையும் துடைத்து வைப்பேன்.

அன்றைய தலைப்பு: மூடுபனியில் கேட்டவை.
பேசியவர் தூர்லைஃப் எஸ்பெலாண்ட்,
முப்பது வருஷம் துறைமுக வழிகாட்டி,
சங்கத்தின் துணைத் தலைவர்,
டை கட்டி வந்த ஒரே ஆள்.
புரொஜெக்டர் முதல் பத்து நிமிஷம்
வெறும் வெள்ளையைக் காட்டியது.
"பனி இப்படித்தான் இருக்கும்" என்றார்.
சிரித்தோம். ஆள் கெட்டிக்காரர்.

பிறகு, எழுபத்தெட்டு அக்டோபர்.
கார்ம்சுண்ட் நீரிணை.
நீட்டிய கை மணிக்கட்டோடு காணாமல் போகும் பனி.
இருபத்தைந்து வயது இரண்டாம் அதிகாரியாக
மேல்தட்டு ஓரத்தில்
காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.
எதிரே எங்கோ சோல்பிரிட், உப்பு ஏற்றிய சிறு கப்பல்.
ஒரே ஒரு நீள ஊதல் கேட்டதாம்.
ஒன்று என்றால், போய்க்கொண்டிருக்கிறேன்.
இரண்டு என்றால், நின்றுவிட்டேன்.
போகிறவன் போய்விடுவான் என்று நம்பி
இவர்கள் நேரே வந்தார்கள்.
ஆள்சேதம் இல்லை.
நானூறு டன் தண்ணீருக்குள்.
"உப்பைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்த கேப்டன்" என்றார்.
மறுபடி சிரித்தோம்.

கேள்விகள் உண்டா என்று தலைவி கேட்பது சம்பிரதாயம்.
இருக்காது.
அதற்குள் வாஃபிள் வாசனை வந்திருக்கும்.

நான்காம் வரிசை ஓரத்தில் ஒரு கை.
ஐம்பது குரோனரையும் சில்லறையாக
எண்ணிக் கொடுத்தவள்.
எழுந்திருக்கவில்லை,
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இரண்டு ஊதினேன்" என்றாள்.

"நான் சமையற்காரி, பத்தொன்பது வயது.
எல்லாரும் முன்னால் போய்ப் பனிக்குள் பார்த்து நின்றார்கள்.
ஊதல் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள்.
முதலாவது நீளம்.
இரண்டாவதற்குக் காற்று போதவில்லை.
கிழட்டு நாய் இருமியது மாதிரி ஒரு சத்தம்.
இருமலும் ஊதல்தான் என்று
விசாரணையில் சொல்லியிருப்பேன்.
சமையற்காரியை யார் கூப்பிட்டது?"

கேப்டன் ஓஸ்முண்டின் சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
சாகும்வரை பெயின்ட் கடையில் நின்றாராம்,
ஒரு வெள்ளையில் இன்னொரு வெள்ளையைக் கலந்தபடி.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
தூர்லைஃப் செவிடர் இல்லை.
அதுதான் சங்கடம்.
மைக்கைக் கையிலேயே வைத்திருந்தார்.
அவர் மூச்சுவிடுவது
ஐந்து வரிசைக்கும் கேட்டது.

தலைவி கைதட்ட ஆரம்பித்தாள்,
பழக்கதோஷம்.
நாங்களும் தட்டினோம்,
யாருக்கு என்று தெரியாமல்.

குலுக்கலில் பன்றித் தொடை
அவளுக்கு விழும் என்று நினைத்தேன்.
கதைகளில் அப்படித்தான் விழும்.
விழுந்தது பொருளாளருக்கு,
தொடர்ந்து மூன்றாம் மாதம்.

தூர்லைஃப் இரண்டு தட்டோடு அவளிடம் போனார்.
மொத்தச் சங்கமும்
மாலுமி முடிச்சுகளின் கண்ணாடிப் பெட்டியை
திடீர் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தது.
காப்பிக் கெட்டிலைச் சாக்கிட்டு நான் அருகே போனேன்.
எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:
"ஜாமா, பழுப்புச் சீஸா?"
"இரண்டும்."

ஒன்பது மணிக்குப் பதிவேட்டை எடுத்தேன்.
வந்தவர் முப்பத்தொருவர்.
வாஃபிள் மீதி ஏழு.
உரை பற்றி ஒரு வரி எழுத வேண்டும்.
'சுவையாக இருந்தது' என்பதுதான் வழக்கம்.
எழுதி, அடித்து,
அடித்தது தெரியாமலிருக்க இன்னொரு தரம் அடித்தேன்.

நாற்காலிகளை மடக்கும்போது
தூர்லைஃப் திரும்பி வந்தார்.
கைக்குட்டையை மறந்துவிட்டாராம்.
தேடவில்லை.
"அவள் எதில் உட்கார்ந்திருந்தாள்?"

காட்டினேன்.
உட்கார்ந்தார், கோட்டோடு.
மேடை அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று
பார்க்கிறவர் போல.

மற்ற முப்பத்தொன்பதையும்
ஓசைப்படாமல் அடுக்கினேன்.
அடுத்த மாதம் கயிறு முடிச்சுகள், செய்முறையுடன்.
விளக்கை அணைக்க வேண்டும்.
காத்திருக்கிறேன்.