பதினேழு பிறப்புகள்

கறையான் தின்ற அளவைத்தான்
முதலில் எழுதச் சொன்னார்கள்.
பிறகு நீளம், அகலம், எத்தனை பக்கம்.
கொம்பனித்தெருவில் இரண்டாம் மாடிக் கந்தோர்.
கீழே சைக்கிள் கடையில் யாரோ
காலையிலிருந்து ஒரே ரிம்மைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

நாட்டுப்புற பாப்டிஸ்ட் சபைகளின் பெட்டிகள், நாற்பத்திரண்டு.
சபை என்றுதான் எழுதியிருக்கிறது,
பலவற்றுக்குச் சுவர் இருந்ததாகத் தெரியவில்லை.
'கிடுகு வாங்க மூன்று ரூபாய்' என்று
வருஷத்துக்கு ஒரு வரி வரும்.
வராத வருஷத்தோடு அந்தச் சபையும் முடிந்துவிடும்.

போதகர்களை அவர்களின் செலவுக் கணக்கில்தான் அறிகிறேன்.
ஒருவர் பாதிச் சம்பளத்தை மாட்டு வண்டிக்கே கொடுத்தார்.
ஒருவருக்கு எப்போதும் கொயினா.
ரணவெல்லை இறப்பர் தோட்டத்து ஆபேல் ஞானாபரணம்
பதினொரு வருஷத்தில் கேட்டது
ஒரு மைக்கூடு.

இவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை.
வளர்ந்து, தன் வாயால் விசுவாசம் சொல்லி,
களனி ஆற்றில் தலைமுழுக நனைந்தால்தான்
ஏட்டில் பெயர்.
ஆகையால் இந்தப் பெட்டிகளில் யாரும் பிறப்பதில்லை.
இருபது வயதில்
சொட்டும் வேட்டியோடு
நேராக வந்து நிற்கிறார்கள்.

ஞானாபரணத்தின் ஏட்டில்
குண்டூசி துருவேறிய கடிதங்கள்.
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்று.

'ஐயா அவர்களுக்கு,
நான் இங்கே பிறந்தேன் என்றும்
என் அப்பன் இங்கே பிறந்தான் என்றும்
கடதாசி வேண்டுமாம்.
மறுபடி பிறந்ததற்கு உங்கள் புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.
அது போதாதாம்.
இப்படிக்கு, பால் வெட்டுகிற எலீசா.'
எழுதியது வேறு யாரோ.
எலீசாவுடையது பெருவிரல் மட்டும்,
இறப்பர் பால் ஒட்டியிருந்திருக்க வேண்டும்,
ரேகை பாதிதான் விழுந்திருக்கிறது.

ஏட்டைத் தலைகீழாகத் திருப்பினால்
பின்னாலிருந்து இன்னொரு ஏடு.
பிறப்புகள், பதினேழு.
லேயாள் மகன் எலீசா, 1904, அடைமழை.
தாயம்மாள் மகள் ரூபி, கீழ்ப்பிரிவு லயம், விடியற்காலை.
சீமோன் கங்காணி வீட்டில் இரட்டை, இரண்டும் ஆண்,
மூத்தவனுக்குக் காதோரம் மச்சம்.

இருபது வருஷத்துப் பிள்ளைகள்
ஒரே ஊதா மையில் பிறந்திருக்கிறார்கள்.
ஒரே பேனை.
பன்னிரண்டாம் பிறப்பில் கை களைத்து
எழுத்து இடதுபக்கம் சாய்கிறது.
அட்டையின் உட்புறம் புறக்கோட்டைக் கடைக்காரனின் முத்திரை:
1949.

கமிட்டியின் குறிப்பு வேறொரு பெட்டியில் இருந்தது.
'சகோதரர் ஞானாபரணம் ஊழியத்திலிருந்து நிறுத்தப்பட்டார்.
காரணம் பேசப்பட்டது.'
பேசப்பட்டது, அவ்வளவுதான்.
அடுத்த மாதக் கணக்கில்
'மைக்கூடு ஒன்று திரும்பப் பெறப்பட்டது.'

எலீசாவுக்குக் கடதாசி கிடைத்ததா,
தலைமன்னாரில் கப்பல் ஏறினானா,
நாற்பத்திரண்டு பெட்டியிலும் இல்லை.
தேடினேன். சம்பளம் இல்லாத இரண்டு சனிக்கிழமைகள்.

மிஸஸ் லூடோவைக் வந்து எட்டிப் பார்க்கிறார்.
"இன்னும் அதே புத்தகமா?"
படிவத்தின் கடைசிக் கட்டம் இன்னும் வெறுமையாக:
பதிவுகள் நம்பத்தக்கவையா. ஆம். இல்லை.

பதினேழாம் பிறப்பு வரிசையில் இல்லை,
அடியில் ஒதுங்கிக் கிடக்கிறது:
'எஸ்தர் மகன் ஆபேல்.
நாள் தெரியாது. இடம் தெரியாது.'

பதினாறு பேருக்கு மழையும் விடியலும் மச்சமும்
எழுதிக் கொடுத்த கை அது.
தன்னிடம் வந்ததும்
பொய் சொல்ல வரவில்லை.

மின்விசிறி அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டேயிருக்கிறது.
என் அடையாள அட்டையை அதன் மேல் பாரமாக வைத்து
ஒரு படம் எடுத்தேன்.
அட்டை விழுந்த படம் உதவாது,
மறுபடி எடுக்க வேண்டும்.
மை, ஊதா என்று எழுதினேன்.
கறையான், இல்லை.
கடைசிக் கட்டத்துக்குப் பென்சிலைச் சீவப் போனேன்,
அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.